பாக்கெட் பஞ்சும் ஐந்து வோல்ட்டும்

டிக்கெட்டில் ‘சேலம் ஜங்ஷன்’ என்று அச்சாகும் ரயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். ஈரோட்டிலிருந்து கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி இங்கே ஆள் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே சென்னை சென்ட்ரலுக்குப் போய்விடும். ஏறியவர்களில் பலர் போர்வையை விரிப்பதற்கு முன்னால் செய்யும் காரியம், ஜன்னலோரப் பிளக்கில் போனைச் செருகுவது. திரையில் மின்னல் குறி வருகிறது. நிம்மதியாகப் படுக்கிறார்கள். சென்னையில் இறங்கிப் பார்த்தால் 14 சதவீதம். ராத்திரி பூராவும் செருகியிருந்தும் ஏறவில்லையே, பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஊர் திரும்பியதும் செல்போன் கடையில் நீட்டிவிடுகிறார்கள்.

போனில் ஒரு கோளாறும் இல்லை. ரயில்பெட்டிகளின் சார்ஜிங் பிளக்குகளை இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை அணைத்துவைக்க வேண்டும் என்று தீ விபத்து பயத்தால் ரயில்வே 2021-இல் வலியுறுத்தியது. சேலத்தில் ஏறிப் படுத்த சிறிது நேரத்துக்கெல்லாம் பிளக்கில் மின்சாரம் நின்றுபோயிருக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: பெட்டிக்குள் வரும் மின்சாரம் வீட்டைப் போல 230 வோல்ட் இல்லை, பெரும்பாலும் 110 வோல்ட்தான். அதனால்தான் மெதுவாக ஏறுகிறது என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் எது வந்தாலும் அது உள்ளே வாங்கி, வேண்டிய அளவுக்கு இறக்கிக் கொடுத்துவிடும்.

சுவரில் இருக்கும் பிளக், சார்ஜர், கேபிள், போனின் வாய், உள்ளே இருக்கும் சார்ஜிங் ஐ.சி. என்ற சில்லு, கடைசியில் பேட்டரி. மின்சாரம் இந்த வரிசையில்தான் பயணம் செய்கிறது. நாமோ சந்தேகத்தை வரிசையின் கடைசி ஆள் மேலிருந்து ஆரம்பிக்கிறோம். அவருக்கு விலையும் அதிகம், அவரைக் கழற்றுவதும் கஷ்டம். குற்றம் பெரும்பாலும் முன்வரிசையில்தான் இருக்கும்.

சூரமங்கலம் உழவர் சந்தை கலைகிற நேரத்தில் பக்கத்துச் செல்போன் கடைகளில் நடக்கும் விசாரணை இப்படி இருக்கும். கீரை விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா போனை நீட்டுகிறார்.

“ஏனுங் தம்பி, ராத்திரி பூரா போட்டு வெச்சேன், காலையில பாத்தா பன்னெண்டுதான் இருக்குது. காசு வந்துச்சா வரலையான்னே பாக்க முடிய மாட்டேங்குதுங்க.”

“வயரை ஆட்டி ஆட்டி வெச்சா ஏறுதுங்களாக்கா?”

“ஆமாங்க, ஒரு பக்கமா அமுக்கிப் புடிச்சா ஏறுது. கையை எடுத்தா நின்னுபோயிடுது.”

“அப்ப பேட்டரி இல்லீங்க. இங்க குடுங்க.”

கடைக்காரர் திருப்புளியைத் தொடவே இல்லை. போனை முதலில் அணைத்துவிட்டு, டார்ச்சை அதன் வாய்க்குள் அடித்துப் பார்க்கிறார். மேஜை ஓரத்தில் சொருகி வைத்திருந்த ஈர்க்குச்சியின் நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவி, உள்ளே விட்டு மெல்ல நெம்புகிறார். சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு வெளியே வருகிறது. இன்னொன்று. மூன்றாவது, எள் அளவுக்குக் கெட்டிப்பட்டு, கம்பளித் துண்டு மாதிரி வருகிறது. துணிப்பையின் நூல், சுருக்குப்பையின் பஞ்சு, மண், வியர்வை எல்லாம் ஒன்றாக அழுந்தியது. கேபிளைச் செருகினால் ‘டிக்’கென்று போய் உட்காருகிறது. இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறார், அதுவும் அதே போனில் ஸ்கேன் பண்ணி வருகிறது.

பஞ்சு எப்படி உள்ளே கெட்டிப்படுகிறது? பையில் கிடக்கும்போது தூசி வாயின் ஓரத்தில்தான் ஒட்டுகிறது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் நாமே அதை உலக்கை போட்டு இடிப்பதுபோல அடியில் தள்ளி இறுக்குகிறோம். மாதக்கணக்கில் படிந்த படலம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் ஆனால் போதும், பிளக் முழு ஆழத்துக்குப் போகாது. தறி ஓடும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து நெசவு வீடுகளில் பஞ்சுத்தூசி காற்றோடு காற்றாகவே பறக்கிறது.

இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கும் ‘சி’ வகை வாய் 2014-இல் வரையறுக்கப்பட்டது. அதன் நடுவே 0.7 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று 24 தொடுமுனைகள், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் இடைவெளியில். இதற்குள் ஊக்கை விட்டுக் குடைவது, உறங்கும் குழந்தையின் காதில் கொண்டை ஊசி விடுவது மாதிரி. ஊக்கு உலோகம் என்பதால் பக்கத்துப் பக்கத்து முனைகளை இணைத்து ஷார்ட் ஆக்கும், நாக்கை முறிக்கவும் செய்யும். ஈர்க்குச்சியும் மரத்தாலான பல்குச்சியும் மின்சாரம் கடத்தாதவை, முனையைவிட மெத்தென்றவை. வாயால் ‘பூ’ என்று ஊதுவதும் வேண்டாம். எச்சில் ஈரம் அப்படியே உள்ளே போய்ச் சேரும்.

இந்த 24 முனைகளில் இரண்டுக்கு ஒரு விசேஷ வேலை உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாயால் ஒரு வார்த்தை வராது, பேரம் முடிந்துவிடும். ‘சி’ வகை சார்ஜரும் போனும் பேசிக்கொள்வது இப்படித்தான். இரண்டு பக்கமும் ‘சி’ முனை உள்ள கேபிளைச் செருகியவுடன் சார்ஜர் மின்சாரத்தை அனுப்புவதில்லை. மின்கம்பியில் சுழியம் வோல்ட்தான் இருக்கும். பேச்சுக்கென்று ஒதுக்கிய முனை வழியே, எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. அந்த ‘விரல்’ தட்டுப்பட்டால்தான் 5 வோல்ட் வெளியே வரும். அதற்குப் பிறகு இன்னும் வேகமாக வேண்டுமென்றால் 9 வோல்ட் கொடு, 15 கொடு என்று பேரம் தொடரும். பேசும் முனையில் ஒரு துளி அழுக்கு இருந்தால் போதும், மற்ற 23 முனைகள் பளபளவென்று இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

இதிலிருந்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு அழகான சோதனை கிடைக்கிறது. ‘சி’ பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறவில்லை என்றால், மேல் வரிசையிலோ கீழ் வரிசையிலோ உள்ள பேச்சு முனை பழுதாகியிருக்கலாம் அல்லது அழுக்கேறியிருக்கலாம். கேபிளும் சார்ஜரும் நன்றாக இருக்கின்றன என்பதும் அதே நொடியில் ருசுவாகிவிட்டது. மலிவான கழுத்து ஹெட்போனோ சின்ன விசிறியோ பழைய அகல முனைக் கேபிளில் ஏறி, ‘சி’க்கு ‘சி’ கேபிளில் ஏறாமல் அடம்பிடிப்பதற்கும் இதே காரணம்தான். காசை மிச்சம் பிடிக்க அந்த 5.1 கிலோ ஓம் மின்தடையைத் தயாரித்தவர் வைக்காமல் விட்டிருப்பார்.

பேரத்தில் பொய் சொல்லும் கேபிள்களும் உண்டு. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015-இல் இணையக் கடைகளில் விற்ற ‘சி’ கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுத ஆரம்பித்தார். பழைய அகல முனைக் கேபிளில் 56 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பல கம்பெனிகள் 10 கிலோ ஓம் வைத்திருந்தன. ‘எதிரே இருப்பவர் 3 ஆம்பியர் தரக்கூடிய ஆள்’ என்று போனிடம் சொல்லும் கள்ள விரல் அது. பாவம், எதிரே இருப்பது அரை ஆம்பியர் தரும் பழைய கம்ப்யூட்டராகக்கூட இருக்கலாம். 2016-இன் தொடக்கத்தில் அவர் செருகிய ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியுமே இடம் மாறியிருந்தன. அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினி அந்த ஒரு செருகலில் செயலிழந்தது.

கேபிள் பொய் சொல்லாவிட்டாலும் மெலிந்திருந்தால் கதை கெட்டது. தோட்டத்தில் மோட்டாருக்கு மெல்லிய வயரை நீளமாக இழுத்தவர்களுக்கு இது தெரியும். மோட்டார் முனகும், சுற்றாது. மலிவான கேபிளுக்குள் 28 கேஜ் செம்புக்கம்பி இருந்தால் அதன் விட்டம் 0.32 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்பும் மொத்த மின்தடை சுமார் 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போன் வாயில் வந்து சேர்வது 4.15 வோல்ட். முழுக்க நிரம்பிய பேட்டரியே 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது 4.15-ஐ வைத்துக்கொண்டு அதற்குள் எதைத் தள்ளுவது? அதனால் போன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்கிறது. 1 ஆம்பியராகக் குறைத்தால் இழப்பும் பாதியாகி, 4.57 வோல்ட் வந்து சேரும். மின்னல் குறி எரிகிறது, ‘சார்ஜ் ஆகிறது’ என்று திரை சொல்கிறது, ஆனால் ஆமை வேகம். அதே நீளத்தில் இதைவிடத் தடித்த 24 கேஜ் கம்பி இருந்தால் 2 ஆம்பியரிலும் இழப்பு 0.34 வோல்ட்டோடு நின்றுவிடும். வெளியில் ரப்பர் உறை எவ்வளவு தடிமன் என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே எத்தனை செம்பு என்பதே கணக்கு.

வேக சார்ஜர்கள் 9 வோல்ட்டுக்கு ஏறுவதன் ரகசியமும் இதுதான். 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 3.6 ஆம்பியர் வேண்டும், 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மேலே சொன்ன மெல்லிய கேபிளில் முதல் வழியில் 5.6 வாட் வீண், இரண்டாவது வழியில் 1.7 வாட்தான். மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரத்தை லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்திக் கோபுரக் கம்பிகளில் அனுப்புகிறார்களே, அதே கணக்கு இங்கே ஒரு மீட்டர் கேபிளுக்குள் நடக்கிறது.

‘வீட்டில் 67 வாட் சார்ஜர் இருக்கிறது, தம்பி போனுக்கு வேகமாக ஏற மாட்டேன் என்கிறது’ என்பது அடுத்த புகார். வாய் ஒன்றாகிவிட்டது, பாஷை ஒன்றாகவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி சொந்த வேக முறை வைத்திருக்கிறது. ஓப்போவின் ‘வூக்’ மாதிரியானவை தங்கள் சார்ஜரும் தங்கள் கேபிளும் சேர்ந்தால்தான் முழு வேகம் காட்டும். வேறு வீட்டு போன் வந்தால் பொதுப் பாஷைக்கு இறங்கி 10 வாட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ கொடுக்கும். இந்திய தர நிர்ணய அமைப்பு 2023 ஜனவரியில் ‘சி’ வகைக்கு இந்தியத் தரத்தை வெளியிட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் ஐபோன் 15-ம் அந்த வாய்க்கு மாறியது, ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அது சட்டமாகவே ஆனது. முனையின் வடிவம் பற்றிய சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வேகம் பற்றிய சண்டை முடியவில்லை.

சார்ஜரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அந்தக் காலத்து இரும்புக்கட்டி அடாப்டர்கள் 230 வோல்ட்டை நேரடியாகப் பெரிய டிரான்ஸ்பார்மரில் இறக்கின. இன்றைய சார்ஜர் முதலில் அதை 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, எலுமிச்சை அளவுக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மரில் இறக்குகிறது. அந்த 325 வோல்ட்டுக்கும் கையில் பிடிக்கும் போனுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும் கொஞ்சம் காப்பிடலும்தான். நடைபாதைச் சார்ஜரில் முதலில் கைவைப்பது அந்த இடைவெளியில்தான். சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாகவே அங்கங்கே அழுந்துகிறது, எழுத்து தப்புத்தப்பாக விழுகிறது என்றால் டிஸ்ப்ளேவைச் சந்தேகப்படாமல் சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டும். சரியான சார்ஜரில் தர முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது ஏற முடியாத கதை. இனி போன் வேண்டுமென்றே மறுக்கும் கதை. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பைக் கைப்பிடியில் போனை மாட்டி, வழிகாட்டி வரைபடத்தைத் திறந்துவைத்து, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் போட்டுக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போகிறவரின் போன் மூன்று பக்கமும் சூடாகிறது: வெயில், திரை, சார்ஜ். லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான எல்லை. உள்ளே பேட்டரியோடு ஒட்டி ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அது எல்லையைச் சொன்னவுடன் போன் முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு நிறுத்தியே விடும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் கோடையில் சூரமங்கலத்தைக் காலி செய்துகொண்டு ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம். உறையைக் கழற்றி, நிழலில், விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்தால் மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் ஜில்லென்ற போனின் உள்பக்கம் பனித்துக்கொள்ளும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

80 சதவீதத்தில் போய் நின்றுகொண்டு மேலே ஏற மாட்டேன் என்பதும் இந்த வகைதான். பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டாமல் இருக்க, புதிய போன்கள் பலவற்றில் இப்படி ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் பேட்டரிப் பகுதியைத் திறந்து பார்த்தால் தெரியும். இதற்காகக் கடைக்கு வந்தவர்களும் உண்டு.

திரையில் தண்ணீர்த்துளிப் படம் வந்தால் அதை மதிக்க வேண்டும். வாய்க்குள் ஈரம் இருப்பதை முனைகளுக்கு இடையே கசியும் மின்சாரத்தை வைத்துக் கண்டுபிடித்து, போன் கதவைச் சாத்திக்கொண்டது என்று அர்த்தம். ஏன் இவ்வளவு பயம்? செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு முலாம் பூசும் தொட்டி தெரியும். உப்புக் கரைசல், இரண்டு உலோகம், நடுவில் சில வோல்ட். ஒரு உலோகம் கரைந்து இன்னொன்றில் போய்ப் படியும். வியர்வைபட்ட ‘சி’ வாய்க்குள் 5 வோல்ட் பாய்ந்தால் அதுவும் ஒரு குட்டி முலாம் தொட்டிதான். முனைகளின் மேல் இருக்கும் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அது போனால் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் பூக்கும் களிம்பு அங்கேயும் பூக்கும். பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம், இங்கே வழியில்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடலோரமாக ஒரு ஆய்வு மையம் வைத்து உலோக அரிப்பை ஆராய்கிறது என்றால், உப்பும் ஈரமும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊகிக்கலாம்.

நனைந்த போனை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேர்விட்டுவிட்டது. அரிசியின் நொய்யும் தவிட்டுத் தூளும் வாய்க்குள் போய் இன்னொரு பிரச்சினையைக் கிளப்பும். 2024-இல் ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டியில் அரிசி வேண்டாம் என்று எழுதிவிட்டது. வாயைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் செருகிப் பார்க்க வேண்டும். சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். அரிசி சோற்றுக்கு இருக்கட்டும்.

வாய் சுத்தம், கேபிள் நல்லது, சார்ஜர் நல்லது, சூடும் இல்லை, ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. அப்போதுதான் கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து சின்ன யு.எஸ்.பி. மீட்டரை எடுக்கிறார். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் எண்ணில் தெரியும். 5 வோல்ட் காட்டி ஆம்பியர் சுழியமாகவே இருந்தால் போன் ஒன்றும் இழுக்கவில்லை. 0.1, 0.2 என்று தள்ளாடினால் தொடர்பு சரியில்லை. ஒன்றரைக்கு மேல் நிலையாக நின்றால் சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது, புகாருக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதை 95 சதவீதம் ஏறிய போனில் செய்து பார்த்து ஏமாறக் கூடாது. நிரம்பும் நேரத்தில் போன் ஆம்பியரை வேண்டுமென்றே படிப்படியாகக் குறைக்கும். பாதி காலியான போனில்தான் சோதனை செல்லும்.

‘சி’ வாய் 10,000 தடவை செருகி எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றாலும் ஏறக்குறைய ஏழு வருஷம் தாங்க வேண்டும். அதற்கு முன்பே ஆடிப்போகிறது என்றால், பெரும்பாலும் செருகியது காரணமில்லை. சார்ஜில் போட்டபடி மல்லாந்து படுத்து, போனின் அடிப்பக்கத்தை நெஞ்சில் ஊன்றிப் படம் பார்ப்பதுதான் காரணம். பிளக் நெம்புகோல் மாதிரி உள்ளே இருக்கும் பற்றவைப்பை விரிசல்விட வைக்கிறது. பல போன்களில் இந்த வாய் தனியாக ஒரு சின்னப் பலகையில் இருக்கும். கடைகளில் அதை ‘சப் போர்டு’ என்பார்கள். அதை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. தாய்ப்பலகையிலேயே வாய் பற்றவைக்கப்பட்டிருந்தால் சூடான காற்றும் நுண்ணோக்கியும் தேவைப்படும், கூலியும் ஏறும். கம்பியில்லாச் சார்ஜிங் வசதி உள்ள போன் என்றால் அந்தத் தட்டில் வைத்துப் பார்ப்பது சுலபமான குறுக்குச் சோதனை. அதில் ஏறினால் குற்றவாளி வாய்தான்.

கடைசியாகத்தான் பேட்டரி. இதன் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். இன்றைய போன் பேட்டரிகளின் மூலமான லித்தியம் கோபால்ட் ஆக்சைடை 1980-இல் ஆக்ஸ்போர்டில் கண்டறிந்தவர் ஜான் குட்இனஃப். தென்தமிழகத்தின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களின் நடுவில் அவரோடு சேர்ந்தார். பேட்டரிக்கான புதிய வகை நேர்மின்வாய்ப் பொருள்களைக் கண்டறிந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 2019-இல் குட்இனஃபுக்கு 97 வயதில் வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

அந்தப் பேட்டரிக்குள் நடப்பது ஒரு இடப்பெயர்ச்சி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன, போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு நடைக்கும் சில அயனிகள் வழியில் சிக்கி நின்றுவிடுகின்றன. நூற்றுக்கணக்கான நடைகளுக்குப் பிறகு பேட்டரி பழைய கொள்ளளவில் ஐந்தில் நாலு, நாலில் மூன்று என்று சுருங்குகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி. பேட்டரிதான் பழுது என்பதற்கு அடையாளங்கள் வேறு: 30 சதவீதத்தில் பொட்டென்று அணைவது, விறுவிறுவென்று நூறு காட்டி விறுவிறுவென்று இறங்குவது. பீரோவில் மூன்று மாதம் கிடந்த போன் உயிரே காட்டவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பேட்டரி அடிமட்டத்துக்குப் போனதால் பாதுகாப்புச் சுற்று கதவை மூடியிருக்கும். அரை மணி நேரம் செருகி வைத்தால் சொட்டுச் சொட்டாக ஏறி எழுந்துகொள்ள வாய்ப்புண்டு.

5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட் மணி. வழியில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 தடவை முழு சார்ஜ் போடலாம். கரன்ட் பில்லுக்குப் பயந்து யாரும் சார்ஜரை விட்டு ஓட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 2016 ஆகஸ்ட்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7, பேட்டரிகள் தீப்பிடித்ததால் அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. உலகத்தின் பெரிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால், கவரில் பெயர்கூட இல்லாத மாற்றுப் பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே பஞ்சுக்காகவோ கேபிளுக்காகவோ கடைக்கு ஓட அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஈர்க்குச்சியோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் போனின் முதுகு உப்பியிருந்தாலோ, திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, உள்ளே பேட்டரியில் வாயு சேர்ந்துவிட்டது. குத்திப் பார்க்காதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், ஏறுகிறதா என்று சார்ஜ் போட்டும் பார்க்காதீர்கள். அணைத்து, அன்றைக்கே கடையில் கொடுத்துவிடுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.